மிட்டாய்க்குத் தடை போட்ட ஊர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

லீவுக்கு வந்திருக்கும் பேத்தி, "அம்மாச்சி, இதுல மிட்டாய் தின்னா போலீஸ் பிடிக்கும்" என்று சொல்லி ஒரு ஜப்பான் கார்ட்டூனைப் போட்டுக் காட்டினாள். பெயர் 'சாக்லேட் அண்டர்கிரவுண்ட்'. புரொடக்‌ஷன் ஐ.ஜி. என்ற நிறுவனம் 2008-ல் எடுத்தது. ஒவ்வொரு பாகமும் சில நிமிஷம்தான், டீ ஆறுவதற்குள் ஒன்று முடிந்துவிடுகிறது. மூலக்கதை இங்கிலாந்து எழுத்தாளர் அலெக்ஸ் ஷியரர் எழுதிய 'பூட்லெக்' என்ற சிறுவர் நாவல். பூட்லெக் என்றால் கள்ளச்சரக்கு. நான் இதுவரை பார்த்தது நாலே பாகம். மேற்கொண்டு கதை எப்படிப் போகும் என்று பேத்திதான் சொன்னாள். முடிவை மட்டும் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

கதை இதுதான். ஒரு கட்சி ஆட்சிக்கு வருகிறது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'உன் நல்லதுக்குத்தான்' கட்சி. நம் வீடுகளில் தினமும் கேட்கிற வசனம்! சாக்லேட்டும் சர்க்கரையும் உடம்புக்குக் கெடுதல் என்று சட்டம் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்மட்ஜர், ஹன்ட்லி என்று இரண்டு பையன்கள், பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவைச் சேர்த்துக்கொண்டு ரகசியமாக சாக்லேட் செய்யத் தொடங்குகிறார்கள்.

இந்தக் கட்சிக்குச் சீருடை போட்ட சிறுவர் படை ஒன்று உண்டு. கூடப் படிக்கிறவன் ஒளித்துத் தின்பதைப் பார்த்துப் போய்ச் சொல்வதுதான் அவர்கள் வேலை. பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைக்கும் வகுப்புத் தலைவனை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பெயர் சாயங்கால மணி அடித்ததும் டஸ்டரோடு போய்விடும். இந்தக் கதையில் எழுதின பெயர் அழிவதில்லை. மாட்டிக்கொண்டவனை அழைத்துப்போய்த் 'திருத்தி' அனுப்புகிறார்கள். அதற்கும் கல்வி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சாக்பீஸ் பிடித்த கைக்கு அது சுருக்கென்று தைத்தது.

கதை இங்கிலாந்தில் பிறந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே போர்க்காலத்தில், 1942-ல், மிட்டாய்க்கு ரேஷன் வந்தது. 1949 ஏப்ரலில் எடுத்துப் பார்த்தார்கள். கடைகள் காலியாகிவிட்டன, அதே ஆகஸ்டில் மறுபடி ரேஷன். முழுக்க விலகியது 1953 பிப்ரவரியில்தான். ஆனால் அது பற்றாக்குறை, எல்லோருக்கும் அளந்து கொடுத்தார்கள். கார்ட்டூனில் வருவது வேறு. அங்கே சரக்குக்குப் பஞ்சமில்லை, ஒருவருக்கு எது நல்லது என்று இன்னொருவர் முடிவுகட்டிவிட்டார்.

"நம்ம ஊரிலும் பஞ்சு மிட்டாயைத் தடை பண்ணினாங்களே?" என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. காரணம் ரோடமைன்-பி, துணிக்குப் போடுகிற சாயம். அதைக் குழந்தை வாயில் போடவிடாமல் தடுப்பது அரசாங்கத்தின் கடமை. தடுத்தது விஷத்தை, இனிப்பை அல்ல. எனக்கும் சர்க்கரை வியாதி உண்டு. டாக்டர் காரணம் சொன்னார், நான் நிறுத்தினேன். வீட்டுக்குள் காவல்காரன் வந்து டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை.

ஆனால் என்னை உட்கார வைத்தது வேறு விஷயம். இந்தக் கட்சி துப்பாக்கி காட்டி ஆட்சியைப் பிடிக்கவில்லை. தேர்தலில் ஜெயித்துத்தான் வருகிறது. ஜனங்களில் பலர், 'இவர்களா ஜெயிக்கப் போகிறார்கள்' என்று ஓட்டுப் போடவே போகவில்லை. அவ்வளவுதான்.

தேர்தல் டியூட்டி பார்த்த ஆசிரியர்களுக்கு இது புரியும். முதல் நாளே பெட்டி படுக்கையோடு போய், வெறும் பெஞ்சில் படுத்து எழுந்து, காலை ஏழு மணிக்கு மையும் பதிவேடுமாக உட்கார்ந்திருப்போம். ஓட்டுப் போட வந்தவர் பெயருக்குக் கீழே பட்டியலில் கோடு போடுவோம். சாயங்காலம் பட்டியலைப் புரட்டினால் கோடு விழாத பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கும். ஒருமுறை ஒரு பெயரைக் காட்டி, இவர் ஊரில் இல்லையா என்று ஏஜெண்ட்டிடம் கேட்டேன். "இருக்காரு டீச்சர், வீட்டுல டிவி பாத்துக்கிட்டிருக்காரு" என்றார். வாக்குச்சாவடிக்கு எதிர்வீடு.

படம் என்னவோ பிள்ளைகளுக்கு எடுத்ததுதான். துரத்தல், ஒளிதல் எல்லாம் வேகமாக ஓடுகிறது. சின்னப் பாகங்கள் என்பதால் அந்தக் கடைக்கார அம்மாவை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே என்று தோன்றும்போதே முடிந்துவிடுகிறது. இருந்தாலும் சும்மா சிரிக்க வைக்கிற கார்ட்டூன் இல்லை.

உங்களில் பலர் இப்போது அப்பா அம்மா ஆகிவிட்டீர்கள். பிள்ளைகளோடு பார்த்தால், அந்தக் கட்சி எப்படி ஆட்சிக்கு வந்திருக்கும் என்று முதலில் அவர்களையே கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். என் பேத்தி சொன்ன பதிலை அப்புறம் சொல்கிறேன்.