தாம்பாளத்தில் உருண்ட சாம்பியன் பட்டம்

1998 ஜனவரி முதல் வாரம், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் சாம்பியன் யார் என்ற கேள்விக்கு எங்கள் ஆன் ஆர்பர் தெருவில் ஒரு பதிலும், அயோவாவைத் தாண்டி நெப்ராஸ்காவில் வேறொரு பதிலும் இருந்தன. எங்கள் ஊர் மிச்சிகன் பல்கலைக்கழக அணி, ஆடிய 12 ஆட்டங்களையும் வென்றிருந்தது. புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் வாஷிங்டன் ஸ்டேட்டை 21-16 என்று தோற்கடித்தது. மறுநாள் இரவு நெப்ராஸ்கா, ஆரஞ்சு பவுலில் டென்னஸியை 42-17 என்று நொறுக்கியது. அவர்களும் அந்த சீசனில் தோற்கவே இல்லை. இரண்டு அணிகளும் மோதித்தானே முடிவாக வேண்டும்? மோதவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. பத்திரிகையாளர்கள் மிச்சிகனை முதலிடத்தில் வைத்தார்கள். பயிற்சியாளர்களின் ஓட்டில் நெப்ராஸ்காவுக்கு 32 பேர், மிச்சிகனுக்கு 30 பேர். ஆளுக்கொரு பட்டம்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்த வயதுக் கோபம் சோற்றில் காட்டும் கோபம்தான். அம்மா தட்டை வைத்துவிட்டுக் காத்திருப்பாள். நான் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆன் ஆர்பரில் வளர்ந்த பிள்ளைக்கு இது வெறும் விளையாட்டு இல்லை. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, சொந்த மைதானத்தில் ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் எங்கள் ஊருக்குள் வந்து இறங்குவார்கள். 1927இல் கட்டிய மைதானம், பாதிக்கு மேல் தரைக்குக் கீழே தோண்டி இறக்கியது. தெருவிலிருந்து பார்த்தால் இவ்வளவு பேர் எங்கே போனார்கள் என்று தோன்றும். சுற்றுப்பட்டு வீட்டுக்காரர்கள் புல்தரையில் கார் நிறுத்த இடம் விட்டுக் காசு வாங்குவார்கள். நீலத் தலைக்கவசத்தில் மஞ்சள் இறக்கை வரைந்த அணி உள்ளே வந்ததும் எழும் சத்தம் எங்கள் கொல்லைப்புறம் வரை கேட்கும். அந்த நவம்பரில் ஓஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக எங்கள் அணியின் சார்லஸ் உட்சன், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 78 யார்டு ஓடி டச் டவுன் போட்டபோதும் அந்தச் சத்தம் வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தாள். தடுப்பாட்டத்தையே பிரதானமாக ஆடும் ஒருவர் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியது அந்த வருடம்தான் முதல் தடவை; வாங்கியவர் உட்சன்.

ஏன் மோதவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு இயற்பியல்தான் உலகம். ஆனாலும் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். எங்கள் பிக் டென் கூட்டமைப்பில் ஜெயிப்பவர், மேற்குக் கரை சாம்பியனோடு ரோஸ் பவுலில்தான் ஆட வேண்டும். 1947 ஆட்டத்திலிருந்து அப்படி ஓர் ஒப்பந்தம். நெப்ராஸ்கா அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே.

ஒப்பந்தம் இல்லாத ஒரு நாட்டை நானே உண்டாக்குவது என்று அன்று முடிவு செய்தேன். கோடு போட்ட நோட்டு ஒன்றில் அமெரிக்க வரைபடம் வரைந்தேன். நிஜத்தில் முதல்நிலை அணிகள் நூற்றுக்கு மேல். என் நாட்டில் பதினாறு மட்டும், கடைசிவரை நாக் அவுட். முதல்நிலை அணியே இல்லாத அலாஸ்காவுக்கு ஓர் அணி கொடுத்தேன். அங்கே குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடுமே என்று ஆங்கரேஜ் மைதானத்துக்கு நிறைய விளக்குக் கம்பங்கள் வரைந்தேன்.

நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில்தான் சிகாகோ பல்கலைக்கழகம் கண்ணில் பட்டது. ஒரு காலத்தில் பெரிய அணி. ஹைஸ்மன் கோப்பை தொடங்கிய 1935ஆம் வருடம் அதை வாங்கியவர் சிகாகோவின் ஜே பெர்வாங்கர். 1939இல் அந்தப் பல்கலைக்கழகம் படிப்புதான் முக்கியம் என்று ஆட்டத்தையே கைவிட்டது. ஆளில்லாமல் கிடந்த அந்த மைதானத்துப் படிக்கட்டுகளுக்குக் கீழே, 1942 டிசம்பர் 2 அன்று, என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் தொடர் அணுவினையை நடத்திக் காட்டினார்கள். இதை வாசித்துக் காட்டியதும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “இயற்பியல் மேதை சந்திரசேகர் இருந்த இடம்டா அது! அவங்களைக் கட்டாயம் சேர்த்துக்கோ” என்றார். அதுவரை என் நோட்டை அவர் தொட்டதுகூட இல்லை. சிகாகோ உள்ளே வந்தது. அப்பாவும் உள்ளே வந்தார்.

ஆட்டத்தை எப்படி நடத்துவது என்பதற்கு வழி சொன்னது ஆச்சி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து குளிருக்கு நடுவில் வந்து மாட்டிக்கொண்டவள், பெட்டியில் பித்தளைத் தாயக்கட்டை கொண்டுவந்திருந்தாள். இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். கால்பந்தில் நாலு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். நாலு தடவை தாயக்கட்டையை உருட்டினால் பத்து வருவதும் வராததும் அப்படியே நிஜ ஆட்டம் மாதிரியே இருந்தது. அந்தப் பொருத்தம் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு அல்லவா, அது நேரே டச் டவுன். தாயம் விழுந்தால் பந்து பறிபோகும்.

ஆச்சிக்கு அது மட்டும் பொறுக்கவில்லை. “ஏலேய், தாயம் விழுந்தா நல்லதுல்லா? அதுக்குப் போயி பந்தப் பிடுங்குதியே!” என்றாள். விதியை நான் மாற்றவில்லை. ஒவ்வொரு தாயத்துக்கும் அவள் மறு உருட்டல் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

அணிக்கு அணி குணம் வேண்டும் என்பதால் நெப்ராஸ்காவுக்கு ஆறு விழுந்தால் இரட்டிப்பு, ஏனென்றால் அவர்கள் ஓடியே ஜெயிப்பவர்கள். மிச்சிகனுக்கு எதிராக ஆடுபவருக்கு இரண்டு விழுந்தாலும் பந்து பறிபோகும், ஏனென்றால் உட்சன் எங்களிடம் இருந்தார். கம்பளத்தில் கட்டை சரியாக உருளாது. பூஜைத் தாம்பாளத்தைக் கவிழ்க்காமல் வைத்து அதில் உருட்டினோம். அந்தக் கணகணப்பில் அம்மா தொலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

அலாஸ்கா முதல் சுற்றிலேயே வெளியேறியது. சிகாகோ அரையிறுதி வரை வந்து நெப்ராஸ்காவிடம் தோற்றது. அப்பா அன்று காப்பியை ஆறவிட்டார். இறுதியில், நான் ஆசைப்பட்டபடியே, மிச்சிகனும் நெப்ராஸ்காவும். மிச்சிகனுக்கு நான். நெப்ராஸ்காவுக்கு ஆச்சி. மக்காச்சோளம் விளைகிற ஊர் என்று அப்பா சொல்லிவைத்தது வினை. “சம்சாரி மக்க பக்கந்தாம்ல நான் நிப்பேன்” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைசி உருட்டலுக்கு முன்னால் 14-10, மிச்சிகன் முன்னிலை. ஆச்சிக்கு நாலாவது முயற்சி. கட்டைகளை உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். ஒன்று வெறுமை காட்டி நின்றது. இன்னொன்று தாம்பாள விளிம்பில் மோதித் திரும்பி, ஒருக்களித்து, படுத்தது. அதுவும் வெறுமை. 17-14.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னொரு மட்டம் உருட்டுவோமா ராசா?” என்றாள். வேண்டாம் என்று நோட்டில் எழுதினேன். நெப்ராஸ்கா, சாம்பியன். வயிறு எரிந்தது. ஆனால் அன்று ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டேன். எண்ணிப் பார்த்துப் பாதிப் பட்டம் வாங்கியதைவிட, எதிரே உட்கார்ந்து ஆடித் தோற்றது மனசுக்கு அடங்கியது. இன்றும் அந்த 1997 சீசன் பட்டத்தைப் பற்றி மிச்சிகன்காரர்கள் சண்டைக்கு வந்தால் நான் அவர்களோடு சேர்வதில்லை.

அடுத்த சீசனிலிருந்து முதலிரண்டு அணிகளை மோதவைக்கும் ஏற்பாடு வந்தது. ரோஸ் பவுலும் அதில் சேர்ந்தது. 2014 சீசனில் நாலு அணி நாக் அவுட், 2024இல் பன்னிரண்டு அணி. என் நோட்டின் பதினாறுக்கு இன்னும் வரவில்லை, வந்தால் நல்லது. நிஜ மிச்சிகனும் நெப்ராஸ்காவும் 2005 டிசம்பரில் அலாமோ பவுலில் சந்தித்தபோது இரண்டு அணிகளுமே சுமார்தான். நெப்ராஸ்கா 32-28 என்று ஜெயித்ததை ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அதான் நான் அன்னைக்கே ஜெயிச்சிட்டேம்லா” என்றாள் ஆச்சி.

ஆட்டத்தைக் கைவிட்ட சிகாகோ இப்போது மீண்டும் ஆடுகிறது, மூன்றாம் பிரிவில். உதவித்தொகைக்காக யாரும் அங்கே பந்து ஆடுவதில்லை. ஓய்வு பெற்றுவிட்ட அப்பா, மிச்சிகன் ஆட்டம் ஓடும்போதே, சிகாகோவின் ஸ்கோரையும் தேடிப் பார்க்கிறார். தோற்றிருந்தால், திங்கட்கிழமை பரீட்சை இருந்திருக்கும் என்கிறார்.