மழைக்கு முந்தின சோதனை

நான் தொழில் பழகியது தாராவியில், 90 அடி ரோட்டை ஒட்டிய சந்துப் பட்டறையில். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், பியட் டாக்சியில் ஊறிய கை. அந்தப் பியட், அதாவது பிரீமியர் பத்மினி, பின்சக்கரத்தால் ஓடுகிற வண்டி. நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட், அதில் கிராஸ் ஜாயிண்ட். மும்பை டாக்சிக்கு 20 வயதுதான் என்று 2013இல் வரம்பு வந்தபின் பத்மினிகள் வேகமாகக் கழிந்தன. 2003 அக்டோபரில் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவான கடைசி வண்டியும் 2023 அக்டோபரில் ரோட்டைவிட்டு இறங்கியது. அந்த இடத்துக்கு வந்த சான்ட்ரோவும் வேகன் ஆரும் முன்சக்கரத்தால் இழுபடுகிறவை. பட்டறை வேலையும் வண்டியின் முன்பக்கத்துக்கு மாறியது.

கிராஸ் ஜாயிண்ட் மடங்கிச் சுற்றும்போது ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். பத்மினியில் பின்னால் போகும் ஷாஃப்டில் கோணம் குறைவு, அதனால் உறைக்காது. முழுக்க ஒடிக்கிற முன்சக்கரத்தில் அதை வைத்தால் ஸ்டியரிங் கையை உதறும். அதற்காகத்தான் ஆறு குண்டு போட்ட ஜாயிண்ட். எந்தக் கோணத்திலும் சக்கரம் ஒரே சீராகச் சுற்றும்.

"சத்தத்தைக் கேட்டதும் ஸ்பேனரத் தூக்காதலே, முதல்ல ஓட்டிப் பாரு" என்பார் அண்ணாச்சி. கண்ணாடியை இறக்கி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, ஃபர்ஸ்ட் கியரில் மெல்ல வட்டமடிக்க வேண்டும். 'கட் கட் கட்' என்று தட்டினால் சக்கரப் பக்கத்து ஜாயிண்ட். வலப்பக்கம் ஒடிக்கையில் சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது ஜாயிண்ட்தான். நேரே போகையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி அதிர்ந்து, காலை எடுத்தால் அடங்கினால், கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயிண்டைச் சந்தேகப்படலாம். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறுகிற இரைச்சல் வீல் பேரிங்குடையது.

மும்பையில் ஜாயிண்டைத் தின்பது மழைத்தண்ணீர். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில், சயானில், செம்பூரின் தாழ்ந்த தெருக்களில் முழங்கால் அளவு தேங்கும். ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். வெடிப்பு விழுவது மடிப்பின் பள்ளத்தில். சக்கரம் நேராக நிற்கும்போது அது மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது, ஒடித்தால்தான் வாய் திறக்கும். ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்து நாளாகிவிட்டது என்று பொருள். கிரீஸ் போன வழியிலேயே சேறும் மணலும் உள்ளே போகும்.

எனக்குப் பிடித்த வேலை ஜாயிண்டைப் பிரிப்பதுதான். மண்ணெண்ணெயில் கழுவி, கூண்டு, கிண்ணம், நடு உருளை மூன்றிலும் பெயிண்ட் புள்ளி வைத்துக்கொள்வேன். கூண்டைச் சாய்த்தால் குண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். எது எந்தக் குழியில் இருந்ததோ அதே வரிசையில் துணிமேல் வைக்க வேண்டும், பழகிய தடத்துக்கே அது திரும்பப் போகணும். பிறகு தடத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். வழுக்கிக்கொண்டு போனால் ஜாயிண்டுக்கு ஆயுள் இருக்கிறது. ஓரிடத்தில் நகம் தட்டினால் அங்கே இரும்பு பெயர்ந்திருக்கிறது, எவ்வளவு கிரீஸ் திணித்தாலும் சத்தம் திரும்பி வரும். கிரீஸும் மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸாகத்தான் இருக்கணும். சின்னக் கிளாம்பை இறுக்குமுன் மொண்ணையான ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் விளிம்பைத் தூக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார்.

மணலைக் கழுவாமல் புதுப் பூட்டை மாட்டி அனுப்புகிற பட்டறைகளும் உண்டு. எனக்கு அது பொறுக்காது. ஷிப்டுக்கு வாடகை கட்டி ஓட்டுகிறவருக்கு வண்டி ஒருநாள் நின்றாலும் கைக்காசுதான் போகும்.

இப்போது செம்பூரில் வேலை பார்க்கிறேன். மே கடைசியில் எந்த வேலைக்கு வண்டி வந்தாலும் சக்கரத்தை இருபுறமும் ஒடித்து, டார்ச் அடித்து, சக்கரப் பக்கமும் கியர்பாக்ஸ் பக்கமுமாக நாலு பூட்டையும் பார்த்துவிடுவேன். வெடிப்பு தெரிந்தால் டிரைவரையே குனியச் சொல்லிக் காட்டுவேன். ஜாயிண்டோடு ஒப்பிட்டால் ரப்பருக்கு ஆகும் செலவு சொற்பம். கண்ணால் பார்த்தவர்கள் அநேகமாக அன்றைக்கே மாற்றிக்கொள்கிறார்கள்.