ஏறும் விலைக்கு உறவுமுறை கிடையாது

திருவொற்றியூர்க்காரர்களுக்கு எண்ணெயைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேற்கிலிருந்து காற்றடிக்கும் இரவுகளில் மணலியின் வாடை படுக்கைவரை வந்துவிடும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் வடசென்னையின் ஊடாகக் குழாயில் மணலிக்குப் போகிறது. அங்குள்ள சுத்திகரிப்பு ஆலை 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 1969-இல் இயங்க ஆரம்பித்தது. 2000-இல் அதன் பெயர் சி.பி.சி.எல். என்று மாறியது. எங்கள் தெருப் பெரியவர்களுக்கு அது இன்னும் எம்.ஆர்.எல்.தான்.

"இங்கயேதான காய்ச்சுறான், அப்புறம் நமக்கு ஏன் இந்த வெல?" என்று என் அம்மா கேட்பார். பொருளாதாரம் படித்தவர்கள் சிரித்துவிட்டுக் கடந்துவிடும் கேள்வி. ஆனால் சரியான கேள்வி. மணலியில் வடித்த டீசலுக்கு மணலியில் ஆன செலவை வைத்து விலை போடுவதில்லை. 2006 முதல் நடைமுறையில் இருக்கும் கணக்கின்படி, ஆலை வாசலில் டீசலின் மதிப்பில் எண்பது சதவீதம், அதை வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்திருந்தால் என்ன விலையாகியிருக்குமோ அதைப் பொறுத்தது. மீதி இருபது சதவீதம், அதை ஏற்றுமதி செய்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைப் பொறுத்தது. வராத கப்பலின் வாடகையும் அதன் காப்பீடும் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன. சமையல் எரிவாயுவுக்கு முழுக்கவே இறக்குமதிக் கணக்குதான். சவுதி அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் விலை அதன் அடிப்படை. அந்த விலை டாலரில் இருக்கிறது. 2014-இல் ஏறத்தாழ 60 ரூபாயாக இருந்த டாலர் 2023-இல் 83 ரூபாய். சவுதியில் ஒரு காசு ஏறாவிட்டாலும், ரூபாய் சரிந்தால் நம் அடுப்பில் விலை ஏறும்.

இதோடு முடிந்தால் உலகச் சந்தை என்று சொல்லிவிட்டுப் போகலாம். முடியவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது கச்சா எண்ணெய் விலை தரைமட்டத்துக்கு விழுந்தது. அமெரிக்காவில் ஒருநாள் அது பூஜ்யத்துக்கும் கீழே போனது. அந்த வீழ்ச்சி நம் பெட்ரோல் பங்க்குக்கு வரவில்லை. மே மாதம் ஒன்றிய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஒரே இரவில் கூட்டியது. 2014 ஏப்ரலில் லிட்டர் பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த வரி 32 ரூபாய் 98 காசானது. தமிழக அரசும் அதே மாதம் தன் பங்குக்கு வரியை உயர்த்தியது. கச்சா எண்ணெய் மலிந்ததன் பலனை வரி எடுத்துக்கொண்டது. பிறகு கச்சா எண்ணெய் ஏறியபோது அந்த ஏற்றம் மட்டும் நம் கணக்கில் வந்தது.

பெட்ரோல் விலையை 2010 ஜூனிலும் டீசல் விலையை 2014 அக்டோபரிலும் அரசு தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்துவிட்டது. இனி சந்தையே தீர்மானிக்கும் என்றார்கள். 2021 ஏப்ரல் 6 அன்று தமிழ்நாடு வாக்களித்தது. அந்தத் தேர்தல் காலம் முழுக்கப் பெட்ரோல் விலை ஏறவில்லை. மே 2 முடிவுகள் வந்தன. மே 4 விலை ஏறத் தொடங்கியது. சந்தைக்கும் வாக்குப்பெட்டியின் தேதி தெரிந்திருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் நான் வகுப்பில் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நடத்துகிறேன். மாதரியின் இடத்தில் கண்ணகி கோவலனுக்குக் கடைசி முறையாகச் சமைக்கிறாள். காய் அரிந்து விரல் சிவக்கிறது. முகம் வியர்க்கிறது. புகையில் கண்கள் சிவக்கின்றன. ஐயை வைக்கோல் கொண்டு தீ மூட்டித் தருகிறாள். உரையாசிரியர்கள் கண்ணகியின் கற்பைப் பேசுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எர்ணாவூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "அந்த வைக்கோல யாரு மேடம் தூக்கிட்டு வந்திருப்பா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் பாடத்தை அங்கேயே நிறுத்தி, அவரவர் வீட்டில் எரிபொருளைக் கொண்டுவருவது யார், அதற்குக் காசு கொடுப்பது யார், அது தீர்ந்துபோனால் திட்டு வாங்குவது யார் என்று எழுதச் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் ஒரே விடை: அம்மா.

என் அம்மாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் முதலில் மரத்தூள் அடுப்பு இருந்தது. மரவாடியில் தூள் வாங்கி, நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் இடித்து நிரப்பி, பாட்டிலை உருவ வேண்டும். பிறகு திரி ஸ்டவ் வந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் அம்மா விடியுமுன் கேனை வரிசையில் வைத்துவிட்டு வருவார். கேனுக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், இல்லையென்றால் கேன் நகர்ந்துவிடும். பள்ளிக்கூடம் போகும்வரை அந்த ஆள் நான். என் அண்ணன் ஒருநாளும் நின்றதில்லை. அவனை யாரும் நிற்கச் சொன்னதும் இல்லை. மானிய மண்ணெண்ணெய் மலிவு என்பார்கள். அதன் விலையில் பாதியை நாங்கள் காசாகவும் மீதியைக் காலைப் பொழுதாகவும் கொடுத்தோம்.

சிலிண்டர் வந்தபோது அந்தப் பொழுது திரும்பக் கிடைத்தது. ஆகவே சிலிண்டரை நான் சாதாரணமாக நினைப்பவள் இல்லை. புகையில்லாத சமையலறை என்பது பெண்ணின் நுரையீரலுக்குக் கிடைத்த விடுதலை. அதனால்தான் அதன் விலைக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும்.

2020 நவம்பரில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 610 ரூபாய். 2022 மே மாதம் ஆயிரத்தைத் தாண்டியது. 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. இடையில், 2020-இன் நடுவிலேயே, நம்மில் பெரும்பாலானோரின் வங்கிக் கணக்குக்கு வந்துகொண்டிருந்த மானியம் சத்தமில்லாமல் நின்றுபோனது. உக்ரைன் போர் ஒரு காரணம், உண்மைதான். 2022 ஏப்ரலில் சவுதி விலை டன்னுக்கு 900 டாலரைத் தாண்டியது. ஆனால் 2023 ஜூலையில் அது 400 டாலர் அளவுக்கு இறங்கியபோது சென்னையில் சிலிண்டர் 1,118 ரூபாயிலேயே இருந்தது. முன்பு பட்ட நட்டத்தை ஈடுகட்டுகிறோம் என்றன எண்ணெய் நிறுவனங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு 22,000 கோடி ரூபாய் கொடுத்திருந்தது. எங்கள் தெருப் பெண்கள் பட்ட நட்டத்தை ஈடுகட்ட யாரிடமும் கணக்கு இல்லை.

பிறகு விலை குறைந்தது. எப்படிக் குறைந்தது என்பதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. 2023 ஆகஸ்ட் இறுதியில் 200 ரூபாய் குறைத்தார்கள். அது ரக்ஷாபந்தனுக்குச் சகோதரிகளுக்குக் கிடைத்த பரிசாம். 2024 மார்ச் 8 அன்று மேலும் 100 ரூபாய் குறைத்தார்கள். அது மகளிர் தினப் பரிசாம். அடுத்த வாரமே, மார்ச் 16 அன்று, மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது. அந்த 50 ரூபாயைக் கொடுத்த அண்ணன் யார் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஏறும்போது சந்தை, இறங்கும்போது சகோதரன். ஏறும் விலைக்கு உறவுமுறையே கிடையாது. நம்மிடமிருந்து எடுத்ததில் ஒரு பகுதியை நமக்கே சீராகக் கொடுத்து நன்றியும் எதிர்பார்க்கும் இந்த முறை, பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு கேட்காமல் தீபாவளிப் புடவையோடு திருப்திப்படப் பழக்கப்பட்ட நமக்குப் புதிதல்ல.

விலை ஏறும்போது அதைத் தாங்குவது யார்? எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா 19 கிலோ வணிக சிலிண்டர் வைத்திருக்கிறார். 2022 மே மாதம் சென்னையில் அது 2,500 ரூபாயைத் தாண்டியது. அவர் இட்லியின் விலையை ஏற்றவில்லை. ஏற்றினால் வாடிக்கைக்காரர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். உதவிக்கு வந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்திவிட்டு, அவரே மூன்று மணிக்கு எழுந்து மாவாட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் குளிக்க வெந்நீர் வைப்பதற்கு மட்டும் மறுபடி விறகுக்குப் போனார். தச்சுப்பட்டறையில் கழிந்த பலகையை மூட்டையாக வாங்கி வாசலில் கல்லடுப்பு வைத்தார். "ரெண்டு வாரம் சேத்து வருதுக்கா" என்றார், சிலிண்டரைப் பற்றி. பக்கத்தில் அவர் மகள் இருமிக்கொண்டிருந்தாள்.

காசிமேட்டில் இன்னும் துலக்கமாகத் தெரியும். விசைப்படகுக்குக் குறிப்பிட்ட அளவு டீசலை மாநில அரசு விற்பனை வரி இல்லாமல் தருகிறது. அதற்கு மேல் எரிவது முழு விலை. படகு திரும்பியதும் முதலில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். டீசல் ஏறினால் ஏலத்தில் மீன் ஏறும். அந்த ஏலத்தில் கூடைக்கு நிற்பது பெண்கள். பெரும்பாலும் தண்டல் காசில் வாங்குகிறார்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ ஏறித் தெருவுக்கு வந்தால், அன்னக்கூடைக்கு இந்தப் பக்கம் இன்னொரு பெண். அவள் வீட்டில் சிலிண்டர் ஏறியிருக்கிறது. "இன்னாம்மா, சங்கராவுக்கு இவ்ளோ சொல்ற?" என்று இருபது ரூபாய் குறைத்துக் கேட்கிறாள். ரியாத்திலும் டெல்லியிலும் கோட்டையிலும் போடப்பட்ட விலைக்காக இரண்டு பெண்கள் வெயிலில் நின்று சண்டை போடுகிறார்கள். விட்டுக்கொடுப்பவள் பெரும்பாலும் கூடைக்காரி. மாலைக்குள் மீன் கெட்டுவிடும், தண்டல்காரன் காத்திருக்கமாட்டான்.

2021-இல் என் வகுப்பில் ஒரு மாணவி வாரத்தில் இரண்டு நாள் வராமல் போனாள். பேருந்து போகாத உள்சாலையில் அவள் வீடு. ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய் இருபதாகியிருந்தது. "தம்பிக்கு டியூஷன் இருக்கு மேடம். ரெண்டு பேரும் போக வர கட்டுப்படியாகல" என்றாள். யார் நிற்பது என்று அந்த வீட்டில் விவாதமே நடந்திருக்காது. அந்த ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழக அரசு ஆணையிட்டது. 2018 ஜனவரியில் டீசல் விலையையும் காரணம் காட்டிக் கட்டணத்தை உயர்த்தியபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், டீசல் இன்னும் ஏறியிருந்த நேரத்தில், பெண்களுக்குக் கட்டணமே வேண்டாம் என்று முடிவெடுக்க முடிந்திருக்கிறது. அதைச் சலுகை என்று பலர் ஏளனம் செய்தார்கள். நான் அதை நிரூபணம் என்கிறேன். எண்ணெய் விலை ஏறினால் அதன் சுமை கடைசியில் பெண்ணின் மேல்தான் விழ வேண்டும் என்பது இயற்கை விதி அல்ல. நடுவில் ஓர் அரசாணை புகுந்தால் அது வேறு பக்கம் திரும்பும். ஆனால் அந்தப் பேருந்து அவள் வீட்டுச் சாலைக்குள் வருவதில்லை. அந்த இருபது ரூபாய் அப்படியே நிற்கிறது.

ரசீதில் ஏறாத விலையும் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. வலைகள் கறுத்தன, படகுகள் கறுத்தன. அந்தக் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் பிடித்து வாழும் பெண்கள் இருக்கிறார்கள். படகு இல்லை, வலை இல்லை, கைதான் கருவி. எண்ணெய்ப் படலத்துக்குள் அந்தக் கையை விட முடியாது. பெட்ரோல் விலையை அலசும் கட்டுரைகளில் கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, வரி, முகவர் கமிஷன் என்று நான்கு வரிசை இருக்கும். அவர்கள் இழந்த கூலி எந்த வரிசையிலும் இல்லை.

எரிபொருள் விலை பற்றிய பேச்சு எப்போதும் வண்டி வைத்திருப்பவர்களின் பேச்சாகவே இருக்கிறது. லிட்டர் நூறைத் தொட்டதா என்பதே செய்தி. வண்டியே இல்லாத பெண் அந்த நூறை மீனிலும் இட்லியிலும் மகளின் வருகைப் பதிவேட்டிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை விலை ஏறினால், எதில் ஏறியது என்று பிரித்துக் கேளுங்கள். கச்சா எண்ணெயா, டாலரா, டெல்லியின் வரியா, சென்னையின் வரியா? அடுத்த முறை குறைந்தால், இதற்கு முன் எவ்வளவு ஏற்றினீர்கள் என்று கேளுங்கள். பரிசு என்று யாராவது சொன்னால், ரசீதைக் கேளுங்கள்.