ஊதுபத்திப் புகை போன வழி

பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியையும் போட்டபிறகு ரேடியேட்டர் கடை அண்ணன் ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்தார். கடையில் மாட்டியிருந்த முருகன் படத்துக்கு என்றுதான் நினைத்தேன். "இங்கிட்டு வந்து பாருங்க சார்" என்று அதை ரேடியேட்டரின் இடது ஓரத்தில், இன்ஜின் பக்கமாகப் பிடித்தார். ஃபேன் சுற்றத் தொடங்கியதும் புகை பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு விரல் நுழையும் சந்து வழியாக முன்பக்கம் வளைந்து, ரேடியேட்டருக்குள்ளேயே திரும்ப நுழைந்தது.

"பாத்தீங்களா? வெளியே தள்ளின சூட்டையே உங்க வண்டி திரும்பக் குடிக்குது."

மதுரை பழங்காநத்தம் பக்கம் ஒரு தகரக் கொட்டகை அது. கத்திரி வெயில். நான்கு நாள் முன்பு திருமங்கலத்துக்கு வெளியே வண்டிகள் வரிசைகட்டி நின்றபோது, என் 1.3 லிட்டர் டர்போ டீசலின் சூட்டு முள் மேலே ஏறி, ஏசி தானாக நின்றுபோனது. பின்சீட்டில் அம்மா. நான் முதலில் போன ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். சூடு குறையவில்லை, காலையில் இன்ஜின் சூடேறத்தான் நேரமானது. இன்னோர் இடத்தில் சைலன்சர் குழாய்க்குத் துணிபோல ஒரு பட்டையைச் சுற்றச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான், டிராக்டர்காரர்கள் தேடிப்போகும் இந்த ரேடியேட்டர் கடைக்கு வந்தேன்.

டர்போ என்பது வீணாகப் போகும் புகையைக் கொண்டு சுற்றும் காற்றாடி. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை வாங்கிய யோசனை. டீசல் வண்டியில் அதற்குள் நுழையும் புகை 700 டிகிரியைத் தொடும். பெட்ரோலில் 900ஐயும் தாண்டும். சிறிய டர்போ நிமிடத்துக்கு 1.5 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அது அழுத்தித் தரும் காற்றும் சூடேறிவிடுவதால், அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் தனியாக வேண்டும். ஆக, ஏசி கண்டன்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் மூன்றும் முன்பக்கத்துக் காற்றுக்கே காத்திருக்கின்றன. மதுரையில் அந்தக் காற்றே 40 டிகிரியில் வருகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபின் சிறிய பெட்ரோல் கார்களிலும் டர்போ பெருகிவிட்டது. சூட்டைத் தணிக்க இளவட்டங்கள் பானட்டின் பின்பக்கக் கீலில் வாஷர் வைத்துத் தூக்கிவிடுகிறார்கள். நின்றிருக்கும்போது அந்த வழியே சூடு போகும், உண்மைதான். ஆனால் ரிங் ரோட்டில் வேகம் பிடித்ததும் முன்கண்ணாடியின் அடியில் காற்று அழுத்தம் கூடிவிடும். காற்று உள்ளேதான் நுழையும்.

அண்ணன் புதிதாக எதையும் மாட்டச் சொல்லவில்லை. என்னென்ன இல்லை என்று பார்த்துக்கொண்டே வந்தார். பம்பர் வேலை பார்த்தபோது ரேடியேட்டர் ஓரத்து நுரைப்பட்டையை யாரோ எறிந்திருக்கிறார்கள். டர்போவுக்கு மேலே இருக்க வேண்டிய சூட்டுத் தகடு, போல்ட் துருப்பிடித்ததால் போய்விட்டது. அடித்தட்டும் இல்லை. தெர்மோஸ்டாட் கழன்ற கதையை நானே சொன்னேன். "எங்கிட்ட சூடுன்னு வர்ற வண்டியில பாதி, எதையாவது கழத்திவிட்ட வண்டிதான் சார்" என்றார். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் சில இன்ஜின்களில் சுடுதண்ணீர் ரேடியேட்டர் பக்கமே வராமல் குறுக்கு வழியில் இன்ஜினுக்குத் திரும்பிவிடும் என்பதையும் சொன்னார். குளிரச்செய்யக் கழற்றியதே சூட்டைக் கூட்டலாம் என்பது எனக்குப் புதிது.

என் ரேடியேட்டர் அலுமினியம், பிளாஸ்டிக் தொட்டி. அதில் அவருக்கு வேலை குறைவு. தகட்டுப் பற்களை நிமிர்த்தித் தொட்டியைக் கழற்றி, ரப்பர் மாற்றி, திரும்ப மடித்துவிட வேண்டியதுதான். அவருடைய கை எதற்குப் பழகியது என்பதைப் பக்கத்து மேசையில் பார்த்தேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த டிராக்டரின் பித்தளை ரேடியேட்டர். மேல்தொட்டியைச் சுற்றிக் கேஸ் சுடரை ஓட்டினார். ஈயம் வெள்ளியாக மின்னி இளகிய அந்த நொடியில், குறட்டால் தொட்டியைத் தூக்கிவிட்டார். இன்னும் கொஞ்சம் சுடர் நின்றிருந்தால் உள்குழாய்களின் ஈயப் பத்தும் விட்டிருக்கும். உள்ளே நாற்பது சொச்சம் குழாய். பதினொன்றின் வாயில் வெந்நீர்ப் பானையில் பிடிப்பதுபோல வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. போர் தண்ணீர். அண்ணன் மெல்லிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்தினார். உப்பு பொரிபொரியாக உதிர்ந்தது. பிறகு தொட்டியைத் திரும்பப் பற்றவைத்து, வாய்களை ரப்பரால் அடைத்து, காற்றை ஏற்றித் தண்ணீரில் முக்கினார். ஒரு மூலையில் கடுகளவு குமிழி. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. அவர் விரல் அதற்குள் அங்கே போய்விட்டது.

அவருடைய முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு. இருபது வயதில், கொதிக்கும் வண்டியின் மூடியைத் திறந்ததால் வந்தது. மூடி வெறும் மூடியல்ல. சுமார் 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்துவைத்து, தண்ணீரை 120 டிகிரி வரை கொதிக்கவிடாமல் காப்பது அதுதான். திறந்த கணத்தில் உள்ளே இருப்பது ஆவியும் கொதிநீருமாகப் பீறிடும். இந்த மூடிக்கும் மதுரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1912இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த குழுமத்தின் சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பியது. இவ்வளவு சின்னப் பொருளுக்குப் பின்னால் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

மத்தியானத்துக்குள் நுரைப்பட்டை ஒட்டியாயிற்று. பழைய பாகங்கள் விற்கும் கடையிலிருந்து தேடி வாங்கிய சூட்டுத் தகடும், புதுத் தெர்மோஸ்டாட்டும் ஏறின. பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த தண்ணீர். மறுபடி ஊதுபத்தி, இந்த முறை புகை நேராகப் பின்னால் போனது. "தூரம் ஓட்டி வந்தா உடனே ஆஃப் பண்ணாதீங்க, ஒரு நிமிஷம் ஓடட்டும். நின்னுபோன ஆயில் டர்போவுக்குள்ள கரியா கருகும்" என்றார்.

ஊதுபத்தியை என்னிடம் தந்துவிட்டு அவர் டீ சொல்லப் போனார். உதவிக்கு இருந்த தம்பி ஈயப் பத்து வைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் துணி இல்லை. ஆசிட் பட்ட இடத்தில் வெள்ளைப் புகை எழுந்தது. எனக்கு ஒன்று தோன்ற, பத்தியை அவன் மேசை ஓரத்தில் பிடித்தேன். புகை மேலே போய், தகரத்தில் முட்டி, பரவி, அவன் முகத்துக்கே இறங்கியது. டீயோடு வந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

ரேடியேட்டர் பற்றவைப்பவர்களின் ரத்தத்தில் ஈயம் சேர்வது உலகம் முழுக்கத் தெரிந்த தொழில்நோய் என்றேன். வயிற்றுவலி, சோர்வு, கை நடுக்கம் வரும். அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அவர் கேள்விப்பட்டதில்லை. 'ரத்தத்தில் ஈயத்தின் அளவு' என்று எழுதிக் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். காலண்டருக்குப் பின்னால் செருகினார்.

"டேய், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வடையைத் தொடு" என்று தம்பியிடம் சொன்னார். பிறகு என் கையிலிருந்த பத்தியை வாங்கிக்கொண்டு பின்சுவர் ஓரமாக மெதுவாக நடந்தார். ஓர் இடத்தில் புகை லேசாக வெளிப்பக்கம் சாய்ந்தது. அங்கே சாக்கட்டியால் ஒரு சதுரம் போட்டுவிட்டு, தகரம் வெட்டும் கத்தரியை எடுத்துவரச் சொன்னார்.