லாடம் இல்லாத ஒரு வருடம்

ஓடி முடித்த பந்தயக் குதிரை யாருக்கும் வேண்டாத பொருள். 2021 ஜூனில் பிஜ்லி என்னிடம் வந்து சேர்ந்தது அப்படித்தான். ஆறு வயது, தரோபிரெட் ஜாதி. புனேயிலும் மும்பையிலும் ஓடி, ஜெயிப்பதை நிறுத்திவிட்ட பெண் குதிரை. சாஸ்வாட் சாலையில் தோழியின் பண்ணையில் ஒரு கொட்டில் காலியாக இருந்தது. யோசிக்காமல் சரி என்றுவிட்டேன்.

அழகான முகம், பார்க்கச் சகிக்காத கால்கள். முன்னங்குளம்புகளின் ஓரம் நமத்துப்போன பிஸ்கட் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. திரும்பத் திரும்ப ஆணி இறங்கிய இடத்தில் இனி ஆணி பிடிக்க வழியில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு லாடம் கழன்று விழும். விழும்போது குளம்பில் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு போகும். சாச்சாவுக்குச் சொல்லி அனுப்புவோம். லாடம் கட்டுபவரை இங்கே 'நால்பந்த்' என்பார்கள். அறுபதைத் தாண்டிய இந்த நால்பந்த், பகுதியில் எல்லோருக்கும் சாச்சாதான். வருவார், பெருமூச்சு விடுவார், இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி ஆணி அடிப்பார்.

லாடம் கட்டுவது என்றால் நம் ஆட்களுக்கு போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். குதிரைக்கு அது வலிக்காது. ஆணி இறங்கும் வெளிச்சுவர் நம் நகத்தைப் போல உணர்ச்சி இல்லாதது. பிரச்சினை வேறு. எடை இறங்கும்போது குளம்பு லேசாக விரிய வேண்டும், தூக்கும்போது சுருங்க வேண்டும். பாதத்தின் நடுவில் முக்கோணமாக, ரப்பர் போல ஒரு மெத்தை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குத் தவளை என்று பெயர், சாச்சா 'புத்லி' என்பார். அது தரையில் பட்டு உழைக்க வேண்டும். இரும்பு வளையம் இதையெல்லாம் தடுக்கிறது என்பது வெறுங்கால் கட்சிக்காரர்களின் வாதம். அமெரிக்காவில் லாடம் அடிக்கும் தொழிலில் இருந்த ஜெய்மி ஜாக்சன், 1980களில் காட்டுக் குதிரைகளின் பின்னால் அலைந்து, அவற்றின் குளம்புகளைப் பார்த்து, 1992இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் கட்சியின் மூலவர்களில் அவர் ஒருவர். நானும் கட்சியில் சேர்ந்தேன்.

மழை முடிந்து தரை காய்ந்ததும், 2021 நவம்பரில், நான்கு லாடங்களையும் கழற்றச் சொன்னேன். சாச்சா கழற்றினார். "அப்புறம் என்ன பண்றதா உத்தேசம், பேட்டி?" என்றார். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்றேன். அரம், இடுக்கி, வளைந்த கத்தி எல்லாம் தருவித்துவிட்டேன் என்பதையும் பெருமையாகச் சொன்னேன். அவர் தன் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவருடைய மாத வருமானத்தில் ஒரு பங்கை அன்று நிறுத்தினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் ஐந்து வாரம் மோசமில்லை. ஓரத்தை அரத்தால் உருட்டிவிட்டேன், நுனியைக் குறைத்தேன். மண்ணில் நன்றாக நடந்தாள். சரளையில் முள்மேல் நடப்பதுபோல நடந்தாள். ஆனால் என் புத்தகத்தில் இருந்த காட்டுக் குதிரையின் பாதம் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. பிஜ்லியின் பாதம் தட்டு மாதிரி இருந்தது. கத்தி கையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்தத் தட்டைக் கிண்ணமாகச் செதுக்கினேன்.

மூன்றாம் நாள் அவள் எழுந்திருக்கவில்லை. எழுப்பியபோது வலது முன்காலைத் தரையில் வைக்க மறுத்தாள். குளம்பு சூடாக இருந்தது. தீவனத்தைப் பார்க்கவே இல்லை. அவள் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொட்டிலிலேயே இரவு உட்கார்ந்திருந்தேன். காலையில் கால்நடை டாக்டர் வந்தார். மெலிந்த பாதத்தில் அடிபட்டு உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, திறந்துவிட வேண்டும், சாச்சாவைக் கூப்பிடுங்கள் என்றார்.

வருவாரா என்று பயந்தேன். வந்தார். குளம்பை மடியில் வைத்து, சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் பிஜ்லி துள்ளினாள். அங்கே கத்தி முனையால் பட்டாணி அளவுக்குத் திறந்தார். கறுப்பாக, நாற்றமாக வடிந்தது. வெந்நீரில் எப்சம் உப்பு, கட்டு, பத்து நாள் ஓய்வு. கிளம்பும்போதுதான் பேசினார். "பாதம் கூரை மாதிரி, பேட்டி. வீடு தாழ்வா இருக்குன்னு யாராவது கூரையைச் செதுக்குவாங்களா?"

பாதத்தை யாரும் குடைய வேண்டியதில்லை, சுவர் நன்றாக வளர்ந்து இறங்கினால் குழிவு தானாக வரும் என்று டாக்டர் விளக்கினார். என்ன தீவனம் என்று அவர் அதன் பிறகுதான் கேட்டார். பந்தயக் கொட்டிலின் பழக்கத்தில் பார்லியும் வெல்லப்பாகும் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓடாத குதிரைக்கு ஓடும் குதிரையின் சாப்பாடு! அதிக மாவும் சர்க்கரையும் குளம்புச் சுவரை உள் எலும்போடு பிணைக்கும் இணைப்பைக் கெடுக்கும். அது முற்றினால் லாமினைட்டிஸ், குதிரையையே இழக்க நேரலாம். வெல்லப்பாகை நிறுத்தினோம். தானியத்தைப் பாதிக்கு மேல் குறைத்து, காய்ந்த புல்லை ஏற்றினோம். கொட்டில் கதவைத் திறந்து, இரவும் பகலும் வெளியே திரிய விட்டோம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கூழாங்கல் கொட்டியது என் யோசனை. சரியாகச் சொன்னால், கிமு நான்காம் நூற்றாண்டில் ஜெனஃபன் என்ற கிரேக்கர் சொன்னது. கைக்கு அடங்கும் உருண்டைக் கற்களை நாலைந்து வண்டி கொட்டி அதன்மேல் குதிரையை நிற்கவைத்தால் குளம்பு உறுதியாகும் என்று எழுதியிருக்கிறார். ஆணி அடித்த லாடம் அவர் காலத்தில் அங்கே கிடையாது.

குளம்பு மாதத்துக்கு அதிகபட்சம் ஒரு சென்டிமீட்டர் வளரும். ரோமம் முடியும் விளிம்பிலிருந்து நுனிக்கு இறங்கிவர ஏறக்குறைய ஒரு வருடம். தீவனத்தை மாற்றிய மாதம் பிஜ்லியின் குளம்பில் ஒரு வளையமாகப் பதிந்திருந்தது. வளையத்துக்குக் கீழே பழைய பிஸ்கட், மேலே வழவழப்பான, செங்குத்தான புதுச் சுவர். அந்த வளையம் கீழிறங்குவதைத்தான் 2022 முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் பயமுறுத்தியது. ஈரத்தில் புத்லி அழுக ஆரம்பித்தது. தினமும் கழுவித் துடைத்து மருந்து போட்டுத் தப்பித்தோம். டிசம்பரில் வளையம் தரையைத் தொட்டது. அடுத்த ராவலில் காணாமல் போனது. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஆழமில்லாத ஒரு கிண்ணம்.

ஐந்து வாரத்துக்கு ஒருமுறை சாச்சாதான் வருகிறார். ஆணி இல்லை, அரம் மட்டும். லாடத்துக்குக் கொடுத்த அதே கூலியைக் கொடுத்தேன். முதல் இரண்டு தடவை பாதியைத் திருப்பித் தந்தார். "இரும்பு போடலையே!" மூன்றாவது தடவை பேசாமல் வாங்கிக்கொண்டார்.

அவரிடமும் ஒரு குதிரை உண்டு. கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் வெள்ளைக் குதிரை. நாலு காலிலும் லாடம். உற்சாகத்தில் ஒருநாள் அதையும் கழற்றலாமே என்றேன். சாச்சா அதன் முன்காலைத் தூக்கிக் காட்டினார். ஆறு வாரத்துக்கு முன்பு அடித்த இரும்பே முன்பக்கம் தகடாகத் தேய்ந்திருந்தது. "தார் ரோடு, பேட்டி. தினம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வளர்றதுக்கு முன்னாடி தேஞ்சுடும். உன் பிஜ்லி மாதிரி மண்ணுல மேய விட எனக்கு நிலம் எங்கே இருக்கு?"

காலைக் கீழே வைத்துவிட்டு அரத்தை என்னிடம் நீட்டினார். பிஜ்லியின் இடது பின்காலை இப்போது நானே செய்கிறேன், அவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். கத்தியை மட்டும் இன்னும் தரவில்லை.