இயற்கை அடக்கம்: வேரைத் தேடி

உடலுக்கு ரசாயனம் ஏற்றாமல், மக்கும் துணியிலோ சாதாரண மரப்பெட்டியிலோ பிரம்புப் பெட்டியிலோ வைத்து, கான்கிரீட் அறை எதுவுமின்றி நேரே மண்ணில் புதைப்பதே இயற்கை அடக்கம். தமிழ்நாட்டில் புதைக்கும் வழக்கமுள்ள பல ஊர்களில் இன்றும் நடப்பது ஏறக்குறைய இதுதான். இதற்கு ஓர் இயக்கமே தேவைப்பட்டது என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது தேவைப்பட்டது. அங்கே தம் ஊர்க்காரர்களிடம் இதற்காக வாதாடியவர்கள் யார், அவர்களைத் தூண்டியது எது என்று கட்டுரையாளர் தேடத் தொடங்கியபோது, சுற்றுச்சூழல் இயக்கங்களுக்கு வெகுகாலம் முன்பே தடம் தென்பட்டது.

1874இல் சர் ஹென்றி தாம்சன் இங்கிலாந்தில் தகனச் சங்கத்தைத் தொடங்கினார். நிரம்பி வழிந்த இடுகாடுகளுக்கு எரிப்பதே தீர்வு என்பது சங்கத்தின் நிலை. மறு ஆண்டே பிரான்சிஸ் சீமோர் ஹேடன் என்ற அறுவை மருத்துவர் 'தி டைம்ஸ்' நாளிதழில் கடிதங்கள் எழுதி அதை மறுத்தார். சிக்கல் புதைப்பதில் இல்லை, மண்ணை உடலுக்கு அருகே விடாத கனத்த பெட்டிகளிலும் செங்கல் அறைகளிலும்தான் இருக்கிறது என்றார். குறுக்கே நிற்காமல் விட்டால் மண் தன் வேலையை முடித்துவிடும் என்பது அவர் வாதம். வாதத்தோடு நிற்காமல், பிரம்புச் சவப்பெட்டிகளைச் செய்வித்து லண்டனில் மக்கள் பார்வைக்கும் வைத்தார். இன்றைய இயற்கை அடக்கத்தின் கருத்துகளில் பெரும்பகுதி அந்தக் கடிதங்களிலேயே இருக்கிறது. ஆனால் காலப்போக்கில் அங்கே வென்றது தகனம்தான்.

அமெரிக்காவின் கதை வேறு. 1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில், தொலைவில் மடிந்த வீரர்களை ஊருக்கு அனுப்ப, உடலை ரசாயனம் ஏற்றிப் பதப்படுத்தும் 'எம்பாமிங்' முறை கைகொடுத்தது. 1865இல் அதிபர் லிங்கனின் உடல் பதப்படுத்தப்பட்டு, ரயிலில் ஊர் ஊராக வந்தபோது மக்கள் அதை நேரில் கண்டார்கள். போர்க்காலத் தேவை மெல்லச் சாதாரண வீட்டுச் சாவுக்கும் வழக்கமாயிற்று. தரை அமிழாமல் சமமாக இருந்தால் புல் வெட்டும் இயந்திரங்களை ஓட்ட வசதி என்று, குழிக்குள் கான்கிரீட் அறையும் வந்தது. அதைக் கேட்பது பெரும்பாலும் இடுகாட்டு நிர்வாகமே, சட்டமல்ல. துக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. 1963இல் ஜெசிகா மிட்ஃபோர்டின் 'தி அமெரிக்கன் வே ஆஃப் டெத்' வெளிவந்து இந்தத் தொழிலின் விலைகளையும் விற்பனை உத்திகளையும் அம்பலப்படுத்தியது. 1984இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதி, எம்பாமிங் சட்டப்படி கட்டாயம் என்று பொய் சொல்வதைத் தடை செய்தது. கட்டாயம் என்று நம்பியது கட்டாயமில்லை என்று அறியும் கணம் பலரைப் பேசவைக்கிறது. இது நியாயமான கோபம்.

கோபம் மட்டும் ஒரு மாற்று இடுகாட்டை உருவாக்கிவிடாது. அதை உருவாக்கியவர்களில் முன்னோடி கென் வெஸ்ட். இங்கிலாந்தின் கார்லைல் நகர இடுகாட்டை நிர்வகித்த அவர், 1993இல் அங்கே வனக் கல்லறைப் பகுதியைத் திறந்தார். நடுகல்லுக்குப் பதில் மரம் என்பது அதன் அடிப்படை. ஓயாமல் புல் வெட்டிச் செடிகொடிகளுக்கு இடமில்லாமல் செய்யும் பராமரிப்பைப் பணியிலேயே கண்டு சலித்தவர் அவர். அடுத்ததாக அமெரிக்காவில், தென் கரோலினாவின் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற சிற்றூரின் மருத்துவர் பில்லி கேம்பெல். தந்தையின் இறுதிச் சடங்கு அவருக்கு நிறைவு தரவில்லை. அந்தப் பணத்தில் காட்டைக் காப்பாற்றியிருக்கலாமே என்ற எண்ணம் வளர்ந்தது. 1998இல் மனைவி கிம்பர்லியுடன் சேர்ந்து ராம்சே கிரீக் காப்பகத்தைத் தொடங்கினார். அங்கே அடக்கத்துக்கு வாங்கும் கட்டணமே காட்டைக் காக்கிறது.

ஹேடன், வெஸ்ட், கேம்பெல் மூவரையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. ஒருவர் அறுவை மருத்துவர், ஒருவர் இடுகாட்டு நிர்வாகி, ஒருவர் ஊர் மருத்துவர். இறந்த உடலைக் கண்டு அஞ்சாத தொழில்கள் இவை. கட்டுரையாளரின் கணிப்பில், இந்த இயக்கத்தின் வேர் சூழலியல் கொள்கை அல்ல, இந்தப் பழக்கமே. பின்னர் வந்தவர்களுக்குப் பெற்றோரையோ துணையையோ அடக்கம் செய்த அனுபவம் அதே இடத்தை நிரப்பியது. எல்லாவற்றையும் பிறர் செய்ய, தாம் ஓரமாக நின்றதுதான் அவர்களை உறுத்தியது. அதனால்தான் பல இயற்கை இடுகாடுகளில் குழியை மூடும் மண்ணைக் குடும்பத்தாரே தள்ளுகிறார்கள். நிலம், காடு, கார்பன் என்ற காரணங்கள் இதன்மேல் வந்து சேர்ந்தவை. பின்னால் வந்தன என்பதால் அவை பொய்யாகிவிடாது.

ஊரில் எழும் எதிர்ப்பு பெரும்பாலும் தண்ணீர் பற்றியது, விலங்குகள் தோண்டும் என்ற அச்சம் பற்றியது. இங்கிலாந்தில் புதைகுழி ஓடையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குழியின் ஆழம் பொதுவாக மூன்று அல்லது மூன்றரை அடி. மேல்மண்ணில் நுண்ணுயிர்கள் மிகுதி என்பதால் மக்குவதும் விரைவு, மூடிய மண்ணின் கனம் வாடையையும் தடுக்கிறது. ஊராட்சிக் கூட்டங்களில் இந்த விளக்கங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதே ஆர்வலர்களின் அன்றாட வேலை. அவர்களுக்குத் துணையாக இங்கிலாந்தில் 1994இல் இயற்கை இடுகாடுகளின் சங்கம் அமைந்தது. அமெரிக்காவில் 2005இல் ஜோ சீஹி தொடங்கிய பசுமை அடக்கக் கழகம், பழைய இடுகாட்டின் ஒரு பகுதி, முழு இயற்கை இடுகாடு, வனம் காக்கும் இடுகாடு என மூன்று தரங்களில் சான்று வழங்குகிறது. மூன்றிலுமே எம்பாமிங் செய்யாத உடலைக் கான்கிரீட் அறையின்றிப் புதைக்க இடம் உண்டு. நிலத்தை என்றென்றும் இயற்கை நிலமாகவே வைத்திருக்கச் சட்டப்பூர்வ உறுதி தர வேண்டியது மூன்றாம் தரத்துக்கு மட்டுமே.