மாட்டுங்கா மார்க்கெட்டும் நம் குடும்பங்களும்

தாய்நாட்டுப் பகுதியை விட்டு வேற்றூரில் குடியேறும் நம்மவர்கள் முதன்முதலில் விசாரிக்கும் விஷயங்கள் மூன்று. வாடகைக்கு வீடு எங்கே? குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே? முருங்கைக்காய் எங்கே கிடைக்கும்? முதல் இரண்டுக்கும் விடைகள் ஆளுக்கு ஆள் மாறும். மூன்றாவதற்கு மும்பைத் தமிழர்கள் பல தலைமுறைகளாகக் கூறிவரும் விடை ஒன்றே: மாட்டுங்கா.

அந்த மார்க்கெட் முன்போல் இல்லை என்ற பேச்சு இப்போது கல்யாண வீடுகளிலும் கச்சேரி இடைவேளைகளிலும் அடிக்கடி காதில் விழுகிறது. அது எவ்வளவு தூரம் உண்மை, மாறியது எது என்பதை அறிய விரும்பி, நாம் சில வெள்ளிக்கிழமைகள் அங்கு சென்று, பையும் கையுமாக வந்த பெண்மணிகளின் அபிப்பிராயங்களைக் கேட்டறிந்தோம். அவற்றை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1896ஆம் ஆண்டு பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியது. அதன் பின் 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டு, நெரிசலைக் குறைக்க வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற வீதிகளும் தோட்டங்களும் கொண்ட புதிய குடியிருப்புகளை வகுத்தது. அலுவலகங்களில் குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் வந்த தென்னாட்டவர் இங்கே குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளிக்கூடம் கண்டது. கோயிலும் சபாவும் காப்பிக்கொட்டைக் கடையும் தோன்றின. இவ்வளவும் இருக்கும் இடத்தில் வாழையிலை இல்லாமல் இருக்குமா? மார்க்கெட்டும் நம்மவர் சமையலறைக்கு ஏற்ப வளர்ந்தது.

மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையத்தில் இறங்கிக் கிழக்குப் புறம் வெளிவந்தால் நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. லால் பகதூர் சாஸ்திரி பெயரைத் தாங்கிய மார்க்கெட் கட்டடம் நிலையத்தை ஒட்டியே உள்ளது. 1942இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி போஜனசாலைக்கு இலைச் சாப்பாடு உண்ணச் செல்வோர் இக்கட்டடத்தை நன்கு அறிவர். சுற்றியுள்ள வீதிகளில் மல்லிகைச் சரமும் துளசி மாலையும் மணக்கின்றன. அவற்றை அடுத்து வாழைப்பூ, வாழைத்தண்டு, சேனை, சேப்பங்கிழங்கு, கொத்தவரை, புடலை, சாம்பார் வெங்காயம், பருவத்தில் மாவடு என்று கூடைகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. வியாபாரிகளில் தமிழரும் உண்டு. மராத்தியரும் வடநாட்டவரும் உண்டு. மற்ற இடங்களில் ‘சேவ்கா’ என்று கூவப்படும் காய் இங்கே ‘முருங்கைக்காய், அம்மா!’ என்று நம்மை அழைக்கிறது. காய் விற்றே தமிழ் கற்றவர்கள் இவர்கள்.

இனி மாறுதல்களைக் காண்போம். மொத்தக் காய்கறி வியாபாரம் 1996இல் பைகுல்லாவிலிருந்து நவி மும்பையின் வாஷிப் பக்கம் மாற்றப்பட்டது. அதுமுதல் சரக்கு கடலோடையைக் கடந்து வரவேண்டியதாயிற்று. வண்டிக் கூலியும் விலையில் ஏறியது. 2016இல் கைப்பேசிவழிப் பணம் செலுத்தும் யூ.பி.ஐ. முறை வந்தது. தராசின் பக்கத்தில் இப்போது சதுரக் கட்டங்கள் நிறைந்த அட்டையொன்று தொங்குகிறது. 2018 ஜூனில் மகாராஷ்டிரத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை அமலாகவே, மஞ்சள் பைக்கு மறுபடி மதிப்பு வந்தது. 2020இன் ஊரடங்கு, வீட்டு வாசலிலேயே காய் வாங்கும் வழக்கத்தைப் பரப்பியது. இன்று கைப்பேசியில் விரலை வைத்தால் சில நிமிடங்களில் வெண்டைக்காய் வாசலுக்கு வருகிறது. இவை போதாவென்று, பழைய மூன்று மாடி வீடுகள் இடிக்கப்பட்டு வானளாவிய கட்டடங்கள் எழுகின்றன. நம் குடும்பங்கள் பலவும் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நகர்ந்துவிட்டன.

மூத்த தாய்மார்களின் பெரிய குறை விலையைப் பற்றியதன்று. “கொசுறு போய்விட்டது” என்பதே அவர்கள் வருத்தம். காய் வாங்கினால் கேளாமலே பையில் விழும் கறிவேப்பிலைக்கு இன்று தனி விலை. கணக்குப் பார்த்தால் சொற்பமே. ஆயினும் கொசுறு என்பது கடைக்காரர் நம்மைத் தெரிந்தவராக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்நினைவைப் பிழையென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

நடுத்தர வயதினர் நடைபாதையைப் பற்றிக் குறைப்படுகிறார்கள். கூடைகளுக்கும் வாகனங்களுக்கும் இடையில் முழங்கால் வலியுள்ளவர் நடப்பது எளிதன்று. உத்தியோகம் பார்க்கும் இளம் பெண்களோ வேறு விதமாகப் பேசுகிறார்கள். மாலை ஏழரை மணிக்கு ரயிலில் நசுங்கி வீடு திரும்புபவள் எட்டு மணிக்கு எங்கே போய்ப் பேரம் பேசுவாள்? வீட்டு வாசலுக்கு வரும் காய்தான் தன்னை வீட்டுச் சமையலை விடாமல் வைத்திருக்கிறது என்று ஒரு பெண்மணி கூறியபோது, அருகிலிருந்த மாமியார் மறுக்கவில்லை. தனித்து வாழும் முதியோர்க்கும் அது பேருதவியே. மார்க்கெட்டுக்குப் போகாதவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவது நியாயமாகாது.

எனினும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கூடை வியாபாரி விடியுமுன் மொத்த மார்க்கெட்டில் நின்று, எந்தச் சரக்கை எவ்வளவு எடுப்பது என்று தீர்மானிக்கிறார். உருளைக்கிழங்கில் அவருக்குக் கவலையில்லை, எவரும் வாங்குவர். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் அப்படியல்ல. இன்னின்ன வீட்டார் வருவர் என்ற நம்பிக்கை ஒன்றே அவருடைய முதல். அமாவாசைக்கு முன்தினம் வாழைக்காய் செல்லும், சங்கராந்திக்கு இஞ்சிக்கொத்தும் மஞ்சள்கொத்தும் செல்லும் என்று அவர் அறிவார். எந்தப் பஞ்சாங்கத்தையும் பார்த்தல்ல, நம் முகங்களைப் பார்த்தே அறிவார். நாம் நான்கு வாரம் வராவிட்டால் ஒரு கூடை குறையும். ஓராண்டு வராவிட்டால் அந்தக் காயே நின்றுவிடும். பிறகு ஒரு நாள் ஆசையோடு சென்று, “இப்போதெல்லாம் இங்கே ஒன்றும் கிடைப்பதில்லை” என்று பெருமூச்செறிவதில் பயன் என்ன?

குழந்தைகளின் நிலையையும் எண்ண வேண்டும். இந்நகரில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் கிடைக்கும் இடங்கள் மிகச் சில. பொட்டலத்தின் மேல் ஆங்கிலத்தில் அச்சிட்ட பெயரைப் படிக்கும் குழந்தைக்குப் பூசணியும் பறங்கியும் ஒன்றே. கூடையின் முன் நின்று, ஒன்று சாம்பலும் மற்றொன்று மஞ்சளுமாய் இருப்பதைக் கண்ட குழந்தை இரு சொற்களையும் ஆயுளுக்கும் மறவாது.

சட்டமும் இவ்வியாபாரிகளை முற்றிலும் கைவிடவில்லை. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், நெடுங்காலமாக வாங்குவோரும் விற்போரும் கூடும் இடங்களை இயற்கைச் சந்தைகள் என்று அங்கீகரிக்கிறது. நகர விற்பனைக் குழுக்களில் நூற்றுக்கு 40க்குக் குறையாத இடங்கள் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு உரியவை. அவற்றில் மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு. ஒழுங்கான இடமும் நடக்க வழியும் இருதரப்பாருக்கும் வேண்டும் என்று மாநகராட்சியிடம் எடுத்துச் சொல்ல, வாங்குகிற நமக்கும் கடமை உண்டு. கூடைகளை அகற்றினால் நடைபாதை கிடைக்கும். ஆனால் நடந்து போவதற்கு ஒரு மார்க்கெட் இராது.

ஆகவே வாசலுக்கு வரும் காயை வேண்டாமென்று நாம் கூறவில்லை. வார நாட்களில் அது வரட்டும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாவது பையை எடுத்துக்கொண்டு, பேரக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மாட்டுங்கா செல்வோம். டோம்பிவிலியிலிருந்து வருவோர் அண்டை வீட்டாருக்கும் சேர்த்து வாங்கிச் செல்லலாம். முடியாதவர்கள் தெரிந்த வியாபாரியிடமே கைப்பேசியில் சொல்லி வைக்கலாம். அவரிடமும் கைப்பேசி உண்டு. அடுத்த அமாவாசைக்கு எத்தனை வாழைக்காய் எடுப்பது என்று அவர் யோசிக்கும்போது நம் வீட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார். கறிவேப்பிலைக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுவோம்.